நிலக்கரிப் பகுதியின் வளர்ச்சி யார் கைக்குப் போனது? அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலக்கரியை நம்பி வாழும் பகுதிகளின் புள்ளிவிவரங்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், எதிரே இருப்பவர் பத்திரிகையாளரோ, தொழிற்சங்கக்காரரோ, ஆராய்ச்சி மாணவரோ, கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், வில்லங்கமானவை பின்னால். ஒரு பதிலில் சொன்னது இன்னொன்றுக்கும் பொருந்தினால் கேள்வி எண்ணை மட்டும் குறித்திருக்கிறேன்.

1. “உள்ளடக்கிய வளர்ச்சி” என்கிறார்களே, அது வெறும் வளர்ச்சியிலிருந்து எப்படி வேறு?

வெறும் வளர்ச்சிக் கணக்கு, ஒரு பகுதியில் மொத்தம் எவ்வளவு உற்பத்தியானது, எவ்வளவு வருமானம் வந்தது என்பதோடு நின்றுவிடும். உள்ளடக்கிய வளர்ச்சியை அளப்பவர் மேலும் மூன்று விஷயங்களைத் துருவ வேண்டும். அந்த வருமானம் யார் கைக்குப் போனது? அதை உண்டாக்கிய வேலையில் யாருக்கு இடம் கிடைத்தது? அதனால் வந்த நஷ்டத்தை யார் சுமந்தார்கள்? நிலத்தைக் கொடுத்தவர் ஒருவர், தூசியைச் சுவாசித்தவர் இன்னொருவர், லாபம் பார்த்தவர் மூன்றாமவர் என்பது நிலக்கரிப் பகுதிகளில் சர்வசாதாரணம். அதனால் அங்கே மூன்றாவது கேள்வியை ஒதுக்கிவைக்க முடியாது.

உலக வங்கி 2013-இல் எளிமையான ஓர் அளவுகோலை ஏற்றுக்கொண்டது: வருமானத்தில் கீழே உள்ள 40 சதவீதம் பேரின் வருமானம் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்ப்பது. தொடங்குவதற்கு நல்ல இடம்தான். ஆனால் அதே அளவுகோல் சுரங்கம் மூடிய ஊரில் எப்படி ஏமாற்றும் என்பதை 6-ஆம் கேள்வியில் காட்டியிருக்கிறேன்.

2. சுரங்கம் இருந்தாலே அது “நிலக்கரியை நம்பிய பகுதி” ஆகிவிடுமா?

ஆகாது. வழக்கமான சோதனை இதுதான்: அந்தப் பகுதியின் வேலைவாய்ப்பில் நிலக்கரியின் பங்கை எடுத்து, நாட்டின் வேலைவாய்ப்பில் நிலக்கரியின் பங்கால் வகுப்பது. விடை 1 என்றால் நாட்டுச் சராசரி. 10, 20 என்று போனால் அந்தப் பகுதி ஒரே காலில் நிற்கிறது என்று அர்த்தம்.

இது நேரடி வேலையை மட்டும் பிடிக்கும். அனல்மின் நிலையம், லாரி, பழுதுபார்க்கும் பட்டறை, ரயில் போன்றவை தப்பிவிடும். இந்திய ரயில்வே ஏற்றும் சரக்கில் எடைக்கணக்கில் கிட்டத்தட்டப் பாதி நிலக்கரிதான். நிலக்கரியை நம்பியிருப்பதன் வேர் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று இதிலிருந்தே ஊகிக்கலாம். உள்ளாட்சியின் வருவாயில் எத்தனை பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும். சுரங்கத்தில் வேலை பார்ப்பவர் குறைந்துபோன பிறகும், பள்ளிக்கூடமும் சாலையும் சுரங்கப் பணத்தில் ஓடும் ஊர்கள் உண்டு.

3. தலைக்கு வருமானக் கணக்கில் அந்த மாவட்டம் மேலே இருக்கிறது. பிறகு ஏன் ஏழைப் பகுதி என்கிறீர்கள்?

உற்பத்திக் கணக்கு நிலக்கரி தோண்டிய இடத்தில் எழுதப்படுகிறது. பணம் அங்கேயே தங்குகிறதா என்பது அந்தக் கணக்கில் வராது. லாபம் பங்குதாரர்களுக்கும், வரி தலைநகரத்துக்கும், இயந்திரத்தின் விலை அதைச் செய்த ஊருக்கும் போகிறது. ஊரில் நிற்பது கூலியும், கூலியிலிருந்து கடைகளுக்குப் போகும் செலவும், தோண்டும் கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் ராயல்டியில் சட்டப்படி திரும்பி வரும் பங்கும்தான்.

அந்தக் கூலியும் சுருங்கிக்கொண்டே வருகிறது. அரசு நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியா 1975-இல் தொடங்கியபோது ஆண்டு உற்பத்தி 7.9 கோடி டன். 2023-24-இல் அது 77 கோடி டன்னைத் தாண்டியது. 1980களில் ஆறு லட்சத்துக்கும் அதிகமாக இருந்த நிரந்தர ஊழியர்கள் இப்போது இரண்டேகால் லட்சம் அளவில் இருக்கிறார்கள். நிலத்தடிச் சுரங்கத்திலிருந்து திறந்தவெளிச் சுரங்கத்துக்கு மாறியதும், ஆட்கள் செய்ததைப் பெரிய இயந்திரங்கள் செய்வதும், வேலை ஒப்பந்தக்காரர்களிடம் போனதும் இதற்குக் காரணங்கள். உற்பத்தி வரைபடம் ஏறுகிறது, சம்பளப் பட்டியல் இறங்குகிறது. இரண்டையும் ஒரே தாளில் வரையாத அறிக்கையை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

விலையும் குழப்பும். 2022-இல் உக்ரைன் போருக்குப் பின் உலகச் சந்தையில் நிலக்கரி விலை தாறுமாறாக ஏறியது. அப்படிப்பட்ட ஆண்டில், கூடுதலாக ஒரு டன்கூடத் தோண்டாமலே ஒரு பகுதியின் உற்பத்தி மதிப்பு நடப்பு விலையில் துள்ளிக் குதிக்கும்.

4. சரி, சராசரி வேண்டாம். வேறு எதைப் பார்ப்பது?

முதலில் நடுமதிப்பு. குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் இருப்பவரின் வருமானம் அது. சராசரிக்கும் நடுமதிப்புக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், மேலே இருக்கும் சிலர் சராசரியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். அடுத்தது, மேல் 10 சதவீதத்தினரின் மொத்த வருமானம் கீழ் 40 சதவீதத்தினருடையதைப் போல எத்தனை மடங்கு என்று பார்க்கும் பால்மா விகிதம். ஏற்றத்தாழ்வை 0 முதல் 1 வரை ஒரே எண்ணாகச் சொல்லும் ஜினி குறியீட்டைவிட இது எனக்குப் பிடிக்கும். ஜினி 0.38-லிருந்து 0.41-க்குப் போனது என்றால் யார் நிலை மாறியது என்று சொல்லத் தெரியாது. பால்மாவில் இரண்டு பக்கமும் யார் இருக்கிறார்கள் என்பது கண்ணெதிரே இருக்கும்.

இரண்டுக்கும் குடும்ப அளவிலான வருமானமோ செலவோ தெரிய வேண்டும். உற்பத்திக் கணக்கிலிருந்து இவற்றைப் பிழிந்தெடுக்க முடியாது.

5. வேலையின்மை குறைந்திருக்கிறதே, அது நல்ல செய்திதானே?

நிலக்கரிப் பகுதியில் நான் கடைசியாக நம்பும் எண் இதுதான். வேலையில்லாதவர் என்று பதிவாக, ஒருவர் வேலை தேடிக்கொண்டிருக்க வேண்டும். தேடுவதை விட்டவரும் ஊரை விட்டவரும் கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேலை செய்யும் வயதில் 100 பேர். 80 பேருக்கு வேலை உண்டு, 5 பேர் தேடுகிறார்கள், 15 பேர் தேடவில்லை. வேலையின்மை 85-இல் 5, அதாவது 5.9 சதவீதம். சுரங்கம் மூடி 20 பேர் வேலை இழக்கிறார்கள். சில ஆண்டுகளில் அந்த 20 பேரில் 8 பேர் வெளியூர் போய்விடுகிறார்கள். 9 பேர் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கோ முன்கூட்டிய ஓய்வுக்கோ போகிறார்கள். 3 பேருக்கு வேறு வேலை கிடைக்கிறது. முன்பு தேடிக்கொண்டிருந்த ஐவரில் ஒருவரும் ஊரை விடுகிறார். இப்போது வேலையில் 63 பேர், தேடுபவர் 4 பேர். வேலையின்மை 67-இல் 4, அதாவது 6 சதவீதம். கிட்டத்தட்ட அதே எண். ஊரில் 17 வேலைகள் காணாமல் போனது அதில் எங்கேயும் தெரியவில்லை.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. பிரிட்டனில் 1984-85 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டபோது, பதிவான வேலையின்மை வேலையிழப்பின் அளவுக்கு ஏறவில்லை. ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா பீட்டியும் ஸ்டீவ் ஃபோதர்கில்லும் இதைத் தோண்டிப் பார்த்தார்கள். வேலை இழந்த ஆண்களில் பெரும்பகுதி உடல்நலக் குறைவுக்கான உதவித்தொகைக்கு மாறியிருந்தது. இதை மறைந்திருக்கும் வேலையின்மை என்றார்கள். அந்த ஆண்கள் பொய் நோயாளிகள் அல்ல. சுரங்கத்தில் தேய்ந்த உடம்பு அது; வேலை இருந்தவரை இழுத்துப் பிடித்து ஓட்டியிருப்பார்கள்.

இதற்குப் பதிலாக, வேலை செய்யும் வயதினரில் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது என்ற விகிதத்தைப் பாருங்கள். மேலே உள்ள கணக்கில் அது 80 சதவீதத்திலிருந்து, மிச்சமிருக்கும் 91 பேரில் 63 பேர் என்று 69 சதவீதமாக விழுகிறது.

6. சுரங்கம் மூடிய பிறகு சமத்துவம் கூடியிருக்கிறது என்று அறிக்கை சொல்கிறது. இது எப்படி?

சொல்லும். தப்பாகக்கூட இருக்காது. பத்துக் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று குடும்பங்களில் நிரந்தரச் சுரங்கத் தொழிலாளர், வருமானம் 60 அலகு. இரண்டில் ஒப்பந்தத் தொழிலாளர், 20 அலகு. மீதி ஐந்தும் விவசாயக் கூலி, சின்னக் கடை என்று 12 அலகில் ஓடுகின்றன. மொத்தம் 280, சராசரி 28. கீழ் 40 சதவீதம், அதாவது நான்கு குடும்பங்களின் பங்கு 48. மொத்தத்தில் 17 சதவீதம்.

சுரங்கம் மூடுகிறது. நிரந்தரத் தொழிலாளர் மூவரும் ஓய்வூதியத்தில் 20-க்கு இறங்குகிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் 10-க்கு. கடைகளில் வியாபாரம் படுத்து, மற்ற ஐந்து குடும்பங்களும் 12-லிருந்து 10-க்கு. மொத்தம் 130, சராசரி 13. கீழ் நான்கு குடும்பங்களின் பங்கு 40. மொத்தத்தில் 31 சதவீதம்! 1-ஆம் கேள்வியில் சொன்ன உலக வங்கி அளவுகோலின் நீட்சியாக, கீழ் 40 சதவீதத்தினரின் வளர்ச்சியிலிருந்து சராசரி வளர்ச்சியைக் கழித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. இங்கே கீழே இருப்பவர்கள் 17 சதவீதம் இழந்தார்கள், சராசரி 54 சதவீதம் விழுந்தது. கழித்தால் 37 புள்ளி ‘லாபம்’. பத்துக் குடும்பத்தில் ஒன்றுகூட முன்னைவிட நன்றாக இல்லை.

சமத்துவக் குறியீட்டைத் தனியாக அச்சிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பக்கத்திலேயே கீழ் 40 சதவீதத்தினரின் வருமானம் பணமாக எவ்வளவு என்றும் எழுதுங்கள். பங்கு ஏறி, பணம் இறங்கினால் அது எல்லாரும் சேர்ந்து சறுக்கிய கதை.

7. ஊரை விட்டுப் போனவர்களை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

அமெரிக்காவின் மேற்கு வெர்ஜினியா மாநிலத்தில், நம் மாவட்டம் போன்ற மெக்டவல் கவுன்டியைப் பாருங்கள். அமெரிக்க நிலக்கரியின் உச்சகால ஊர்களில் ஒன்று. 1950-இல் மக்கள்தொகை ஏறத்தாழ 99 ஆயிரம். 2020 கணக்கெடுப்பில் 19 ஆயிரத்துச் சொச்சம். இன்றைய விகிதங்கள் எல்லாம் இந்த 19 ஆயிரம் பேரை வைத்துப் போடப்படுபவை. போனவர்களில் இளையவர்களும் படித்தவர்களும் அதிகம் என்பதால், இருப்பவர்களின் சராசரி வயது, நோய், உதவித்தொகை எல்லாமே ஏறும். ஊர் கெட்டுப்போனதா, ஆட்கள் மாறிப்போனார்களா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சரியான வழி, ஆட்களைப் பின்தொடர்வது. சுரங்கம் மூடும் நாளில் சம்பளப் பட்டியலில் இருந்தவர்களை, அவர்கள் எங்கே போனாலும், வரிப் பதிவு அல்லது சமூகப் பாதுகாப்புப் பதிவு வழியாக ஐந்து, பத்து ஆண்டுகள் தொடர்வது. பதிவுகளை இணைக்கும் வசதி இருக்கும் நாடுகளில் இது நடக்கிறது. வசதி இல்லாத இடத்தில் ஒரு மாற்று உண்டு: வகுக்கும் எண்ணாக இன்றைய மக்கள்தொகையோடு தொடக்க ஆண்டின் மக்கள்தொகையையும் வைத்து இரண்டு விடை கொடுப்பது. 5-ஆம் கேள்வியின் உதாரணத்தில் ஒரு விடை 69, இன்னொன்று 63. இடையில் இருக்கும் 6 புள்ளி, வெளியேறியவர்களின் தடம்.

வெளியேறியவர் நன்றாக வாழலாம். அது அவருக்கு வளர்ச்சிதான், ஊருக்கு அல்ல. அறிக்கை மனிதர்களைப் பற்றியதா, இடத்தைப் பற்றியதா என்று முதல் பக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

8. அரசு தரும் ஓய்வூதியம், உதவித்தொகையை எல்லாம் வருமானமாக எண்ணலாமா?

எதற்காக அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குடும்பம் எப்படிச் சாப்பிடுகிறது என்று அறிய வேண்டுமானால் கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும். ஊரின் பொருளாதாரம் சொந்தக் காலில் நிற்கிறதா என்று அறிய வேண்டுமானால் கழித்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் அப்பலாச்சியப் பிராந்திய ஆணையம் 1965-இல் தொடங்கப்பட்டது. 13 மாநிலங்களில் விரியும் பகுதி அதன் எல்லை. ஒவ்வொரு கவுன்டியையும் மூன்று எண்களால் தரம் பிரிக்கிறது: மூன்றாண்டுச் சராசரி வேலையின்மை, வறுமை விகிதம், அரசு உதவிகளைக் கழித்த பிறகான தலைக்கு வருமானம். நாட்டின் எல்லாக் கவுன்டிகளையும் வரிசைப்படுத்தி, அடிமட்டப் பத்து சதவீதத்தில் விழுபவை ‘துயருற்றவை’. உதவியைக் கழிப்பது புத்திசாலித்தனம். வேலையின்மையைச் சேர்த்திருப்பது எனக்கு உறுத்தல்தான். காரணம் 5-இல் இருக்கிறது.

9. நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, சைக்கிளில் நிலக்கரி சுமப்பவர்: எல்லாரும் ‘நிலக்கரி வேலை’தானே?

ஒரே சுரங்கம், மூன்று உலகம். நிரந்தரத் தொழிலாளிக்குச் சம்பள ஒப்பந்தம், வைப்பு நிதி, மருத்துவமனை, குடியிருப்பு எல்லாம் உண்டு. பக்கத்தில் அதே டம்பரை ஓட்டும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இவற்றில் பலவும் கிடையாது. மூன்றாவது ஆள், ஜார்க்கண்டில் இருநூறு கிலோவுக்கும் மேல் நிலக்கரி மூட்டைகளைச் சைக்கிளில் ஏற்றி, மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டே போகிறவர். அவர் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லை. சட்டத்தின் பார்வையில் அவர் எடுப்பது திருட்டு நிலக்கரி. கணக்கெடுப்பாளர் வந்து கேட்டால் ‘கூலி வேலை’ என்றுதான் சொல்வார். அவர் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அப்படித்தான் சொல்வீர்கள்.

விளைவு இது: சுரங்கம் மூடும்போது இழப்பீட்டுக் கணக்கு நிரந்தரத் தொழிலாளியிடம் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அளப்பவர் செய்யக்கூடியது, ‘உங்கள் தொழில் என்ன’ என்று கேட்பதை விட்டு, ‘போன மாதம் வீட்டுக்கு எந்தெந்த வழியில் பணம் வந்தது’ என்று கேட்பது. கேட்கும் ஆள் நிறுவனத்தின் ஆளாகவோ காவல்துறைக்கு வேண்டியவராகவோ தெரியாமலும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை எந்தக் கையேடும் அழுத்திச் சொல்வதில்லை.

10. பெண்களுக்குத் தனி எண் எதற்கு? குடும்ப வருமானத்தில் அவர்களும் அடக்கம்தானே?

குடும்ப வருமானம் ஒருவர் கைக்கு வருவதும், இருவர் கைக்கு வருவதும் ஒன்றல்ல. நிலக்கரி நல்ல கூலி தரும் ஆண்களின் வேலையாகவே பெரும்பாலும் இருந்து வந்திருக்கிறது. இந்தியாவில் 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுத்தது. 2019-இல்தான் நிபந்தனைகளோடு விலக்குத் தரப்பட்டது. ஆகவே சுரங்கம் ஓடும்போது பெண் வேலைவாய்ப்பு விகிதம் குறைவாக இருக்கும். மூடிய பிறகு அது ஏறலாம். அதை உடனே முன்னேற்றம் என்று எழுதிவிடாதீர்கள். கணவரின் சம்பளம் நின்றதும் கிடைத்த அற்பக் கூலிக்குப் போனவராக இருக்கலாம். வேலைவாய்ப்பு விகிதத்தோடு, பெண்ணின் கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்ற இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

11. நுரையீரல் நோய், தூசி, தண்ணீர் எல்லாம் சுகாதாரத் துறை விஷயம். பொருளாதார அளவீட்டில் ஏன் நுழைக்கிறீர்கள்?

பணத்தைத் தொடர்ந்து போனால் பதில் கிடைக்கும். அமெரிக்காவில் நிலக்கரித் தூசியால் வரும் கருநுரையீரல் நோய்க்கு இழப்பீடு தரும் சட்டம் 1969-இல் வந்தது. 1978-இல் அதற்கென ஒரு பொது நிதி அமைந்தது. பொறுப்பேற்க வேண்டிய நிறுவனம் திவாலானால் சுமை இந்த நிதிக்கு மாறிவிடும். நோய் பழங்கதை என்றும் நினைக்க வேண்டாம். மத்திய அப்பலாச்சியாவில் 25 ஆண்டுக்கு மேல் சுரங்கத்தில் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இதன் அறிகுறி இருப்பதாக 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. அன்றைக்கு லாபமாக எழுதப்பட்டதில் ஒரு பகுதி, இன்றைக்கு வேறொருவர் தலையில் கடனாக இறங்கியிருக்கிறது.

மூடாத குழி, அமிலம் கலந்த நீர், ஜார்க்கண்டின் ஜாரியாவில் 1916 முதல் எரிந்துகொண்டிருக்கும் நிலத்தடித் தீ, எல்லாமே இந்தக் கடன் பக்கத்தில் வர வேண்டியவை. வருமானப் பக்கத்தை மட்டும் எழுதி, கடன் பக்கத்தைக் காலியாக விடும் கணக்கைத் தணிக்கையாளர் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

12. இத்தனை எண் எதற்கு? எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மதிப்பெண் போட்டால் ஆகாதா?

போடலாம், செய்தித்தாளுக்கு உதவும். சிக்கல் எடையில் இருக்கிறது. வருமானத்துக்குப் பாதி, நலவாழ்வுக்கு கால், கல்விக்குக் கால் என்று யார் முடிவு செய்தது? எடையைக் கொஞ்சம் நகர்த்தினால் தரவரிசை தலைகீழாகும். ஒன்றில் விழுந்தது இன்னொன்றில் ஏறியதால் சமன் ஆகி மறைந்தும்விடும்: நிலத்தடி நீர் போனது, தலைக்கு வருமானம் ஏறியது, மதிப்பெண் அப்படியே.

ஒரே எண் கட்டாயம் வேண்டும் என்றால், சபீனா அல்கைர், ஜேம்ஸ் ஃபாஸ்டர் வகுத்த பல்பரிமாண வறுமை முறை பரவாயில்லை. நிதி ஆயோக் அதே முறையில் நலவாழ்வு, கல்வி, வாழ்க்கைத்தரம் ஆகிய மூன்றிலும் 12 குறியீடுகளை வைத்து மாவட்டம் வரை கணக்கிடுகிறது. இதன் நல்ல குணம், ஒரே குடும்பத்துக்கு எத்தனை குறைகள் சேர்ந்து வந்திருக்கின்றன என்று எண்ணுவது. மேலும், மொத்த எண்ணைப் பிரித்து எந்தக் குறையால் அது வந்தது என்று திரும்பிப் பார்க்க முடிவது. நிலக்கரிக்கே உரிய தூசியும், நிலம் இழந்ததும் அதில் இல்லை. அவற்றைப் பக்கத்தில் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

13. கனிம நிதியிலிருந்து இத்தனை கோடி செலவழித்திருக்கிறோம். அது உள்ளடக்கிய வளர்ச்சிக்கு அத்தாட்சி இல்லையா?

செலவு அத்தாட்சி ஆகாது, முயற்சிக்கான ரசீது. இந்தியாவில் 2015-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சுரங்க மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை உருவாக்கியது. ராயல்டியோடு கூடுதலாக, பழைய குத்தகைகள் ராயல்டித் தொகையில் 30 சதவீதமும், ஏலத்தில் எடுத்தவை 10 சதவீதமும் இதில் கட்ட வேண்டும். குடிநீர், சுகாதாரம், கல்வி போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குக் குறைந்தது 60 சதவீதம் என்று தொடங்கி, 2024 வழிகாட்டுதல்களில் அது 70 ஆனது. நல்ல ஏற்பாடு.

ஆனால் ‘குடிநீருக்குச் செலவு’ என்ற தலைப்பின் கீழ், சுரங்கத்தை ஒட்டிய குக்கிராமத்தின் குழாயும் இருக்கலாம், மாவட்டத் தலைநகரின் மேல்நிலைத் தொட்டியும் இருக்கலாம். பணம் செலவான இடத்தின் வரைபடத்தையும், நிலம் இழந்த கிராமங்களின் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பொருந்துகிறதா என்பதே முதல் சோதனை. குழாயில் ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் வருகிறதா என்பது இரண்டாவது.

14. எந்த ஆண்டோடு ஒப்பிடுவது?

உங்களுக்குப் பிடித்த முடிவைத் தரும் ஆண்டோடு அல்ல. அமெரிக்க நிலக்கரி வேலைகள் 2011-இல் 90 ஆயிரத்துக்கு மேல், 2016-இல் 52 ஆயிரம் அளவில். முதலாவதிலிருந்து தொடங்கினால் பேரழிவு. இரண்டாவதிலிருந்து சில ஆண்டுகளை எடுத்தால் ‘நிலைபெற்றுவிட்டது’. 1920களின் எட்டு லட்சத்திலிருந்து பார்த்தால் இரண்டுமே ஒரு நீண்ட சரிவின் வால். ஒற்றை ஆண்டை விட்டு, விலை ஏறி இறங்கும் ஒரு முழுச் சுற்றின் சராசரியை அடிப்படையாக வையுங்கள். 2020-ஐயும் 2022-ஐயும் அடிப்படை ஆண்டாக எடுக்கவே வேண்டாம்.

15. தேசியச் சராசரியோடு ஒப்பிட்டால் போதாதா?

தேசியச் சராசரியில் பெருநகரங்கள் இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் எந்த மலைப் பகுதியும் தோற்கும். நிலக்கரியால் தோற்றதா, மலையால் தோற்றதா என்று தெரியாது. மக்கள்தொகை, படிப்பு, நகரத்திலிருந்து தூரம் எல்லாம் ஒத்திருந்து, நிலக்கரி மட்டும் இல்லாத பகுதிகளைத் தேடிப் பிடிப்பது மேல். ஆனால் அடுத்த மாவட்டத்தை எடுக்காதீர்கள். அங்கிருந்தும் ஆட்கள் சுரங்கத்துக்கு வந்திருப்பார்கள்; சுரங்கம் மூடினால் அதுவும் விழும், நீங்கள் ‘வித்தியாசம் இல்லை’ என்று எழுதுவீர்கள்.

16. ஜெர்மனியின் ரூர் வெற்றிக் கதைதானே? அதன் அளவுகோலையே எடுத்துக்கொள்ளலாமே?

பாதி சரி. மேற்கு ஜெர்மனியின் பழைய நிலக்கரிப் பகுதியான ரூரில் வேலையை விட்டு யாரையும் திடீரென்று துரத்தவில்லை. முன்கூட்டிய ஓய்வு, மறுபயிற்சி என்று பல பத்தாண்டுகள் இழுத்து, 2018 டிசம்பரில் போட்ரோப் நகரின் பிராஸ்பர்-ஹானியல் சுரங்கத்தோடு கடின நிலக்கரியை முடித்தார்கள். 1960களில் போகும் திசையை உணர்ந்து பல்கலைக்கழகங்களைக் கட்டினார்கள். போஹும் (Bochum) நகரப் பல்கலைக்கழகம் 1965-இல் வகுப்புகளைத் தொடங்கியது. சுரங்கத் தொழிலாளியின் கண்ணில் பார்த்தால் இது உலகிலேயே மரியாதையான மூடல்களில் ஒன்று.

இடத்தின் கண்ணில் பார்த்தால் வேறு. ரூரைக் குறுக்கே வெட்டும் ஏ40 நெடுஞ்சாலைக்குத் தெற்கே ஒரு நிலை, வடக்கே இன்னொரு நிலை. கடைசியாகச் சுரங்கம் மூடிய வடக்குப் பக்கத்து நகரங்களில் வேலையின்மையும் வறுமையும் கூடுதல். அவற்றில் ஒன்றான கெல்சன்கிர்ஷன், செலவழிக்கக் கையில் கிடைக்கும் தலைக்கு வருமானத்தில் ஜெர்மனியின் கடைசி வரிசையில் நிற்கிறது. மொத்த ரூருக்கு ஒரு சராசரி போட்டால் இந்தக் கோடு அழிந்துவிடும். முன்னாள் தொழிலாளி ஓய்வூதியத்தோடு தப்பித்தார். அவர் வேலை அவர் மகனுக்கு வரவில்லை. பழைய தொழிலாளர்களை மட்டும் அளந்தால் இதுவும் தெரியாது. 7-ஆம் கேள்வியில் கேட்ட ‘மனிதரா, இடமா’ என்பதன் விலை இங்கே தெரிகிறது.

17. சூரிய மின் திட்டத்தில் மூவாயிரம் வேலை என்று அறிவித்திருக்கிறார்கள். இழந்த வேலைக்கு ஈடாக எழுதலாமா?

நான்கு விஷயம் தெரியாமல் எழுதாதீர்கள். கட்டுமான காலத்து வேலையா, கட்டி முடித்த பிறகும் நிற்கும் வேலையா? சூரிய மின் நிலையத்தில் ஆட்கள் அதிகம் தேவைப்படுவது கட்டும்போதுதான். கூலி எவ்வளவு? எந்த இடத்தில்? நிலக்கரி இருக்கும் இடமும் வெயிலும் காற்றும் நன்றாகக் கிடைக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்தியாவில் நிலக்கரி கிழக்கிலும் நடுவிலும், பெரிய சூரிய மின் பூங்காக்கள் ராஜஸ்தான், குஜராத் பக்கமும். நான்காவது, அந்த வேலை போனவருக்குத்தான் கிடைத்ததா? ஒரு இடத்தில் போனதையும் இன்னொரு இடத்தில் வந்ததையும் கழித்து ‘நிகரம் பூஜ்யம்’ என்று எழுதுவது கூட்டல் கழித்தலில் சரி, மனிதர்கள் விஷயத்தில் தவறு.

18. எங்களிடம் நிபுணரும் இல்லை, பணமும் இல்லை. எதையாவது அளந்தே ஆக வேண்டும் என்றால் எதை?

வேலை செய்யும் வயதினரில் வேலையில் இருப்பவர் விகிதம், ஆண் பெண் தனியாக, இன்றைய மக்கள்தொகைக்கும் தொடக்க ஆண்டு மக்கள்தொகைக்கும் இரண்டு விதமாக. கீழ் 40 சதவீதத்தினரின் வருமானமோ செலவோ, பங்காக இல்லாமல் பணமாக, விலைவாசியைக் கழித்து. இருபது முதல் முப்பத்தைந்து வயது வரை உள்ளவர்கள் பத்தாண்டில் எத்தனை பேர் குறைந்தார்கள் என்பது. இதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே போதும். நிலம் இழந்த குடும்பங்களில் எத்தனைக்கு இன்று நிலையான வருமானம் இருக்கிறது என்று ஒரு நேரடிக் கணக்கெடுப்பு. இது மட்டும் உழைப்பு கேட்கும், ஆனால் இதை வேறு யாரும் உங்களுக்காக எடுத்து வைத்திருக்க மாட்டார்கள்.

மாவட்டச் சராசரியோடு நிற்காமல், சுரங்கத்தை ஒட்டிய கிராமங்களுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். தேசிய மாதிரிக் கணக்கெடுப்புகளின் மாதிரி அந்த அளவுக்கு இறங்க இடம் தராது. இந்தியாவின் தொழிலாளர் கணக்கெடுப்பே 2025 ஜனவரியில்தான் மாவட்டத்தை அடிப்படை அலகாக மாற்றியது. அதனால் கிராம அளவுக்கு நீங்களே ஒரு சின்ன மாதிரி எடுக்க வேண்டியிருக்கும். இருநூறு வீடு ஒழுங்காக எடுத்தாலே, குறிப்பாக மூன்றாண்டு கழித்து அதே இருநூறு வீட்டுக்கும் திரும்பப் போனால், நிறையத் தெரியும். இரண்டாம் தடவை பூட்டிக் கிடக்கும் வீட்டைப் ‘பதில் இல்லை’ என்று தள்ளிவிடாமல், அவர்கள் எங்கே போனார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.